தனி ஆணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை, துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது. ஒரு தோல் ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டு, மூன்றாக மடிக்கிற ஒரே தாளில் "மயிர்க்கால் அழற்சி: அறிவோம், ஆற்றுவோம், தடுப்போம்" என்று எழுதித் தரச் சொன்னார்கள். என் பிழைப்பே அதுதான். கண்வலி, காது அடைப்பு, கால் ஆணி, எதைக் கொடுத்தாலும் மூன்று மடிப்புக்குள் அடக்கித் தந்துவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு தாளும் என்னிடம் முரண்டு பிடித்ததில்லை. இது பிடித்தது.

தகராறு தலைப்பிலேயே ஆரம்பித்தது. தோல் டாக்டரம்மா தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்க இது, மயிர்னு போட்டிருக்கீங்க? வெளியில குழந்தைங்கல்லாம் உக்காந்திருக்கும்."

"அதுதாங்க டாக்டர் சரியான வார்த்தை. அகராதியிலயே இருக்கு."

"அகராதியில இருக்கும். ரோட்டுல திட்டிக்கிறப்பவும் அதுதானே இருக்கு?"

பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ், எல்லாரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், "முடிக்கால்னு போடலாமா?" என்றார். பிறகு அவரே, "வேணாம், முக்காலி மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

கடைசியில் மயிர்க்கால் பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு முடியும் தோலுக்குள் ஒரு சின்னக் குழியில் கால் ஊன்றி நிற்கிறது, அதற்கு இத்தனை பொருத்தமாக வேறு பெயர் கிடைக்கவில்லை. சந்தோஷத்தில் சிலிர்த்துக்கொண்டு நிற்பதும் அந்த இடத்தில்தான். அடைத்துக்கொண்டு, கிருமி புகுந்து, சிவந்து, சீழ் கோப்பதும் அதே இடத்தில்தான்.*

* மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் இலக்கியம். அழற்சி என்று எழுதினால் ஆஸ்பத்திரி. கால் என்னவோ ஒன்றுதான்.

நான் மாட்டிக்கொண்டது தலைப்பில் அல்ல, மூன்றாவது மடிப்பில். 'தடுப்போம்' என்ற பகுதியில் இப்படி எழுதியிருந்தேன்: "வீட்டில் ஒருவருக்கு இது வந்தால், ஆறும்வரை தனியாக இருக்க வேண்டும்." பெரிய சிஸ்டர் அந்தத் 'தனியாக'வைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"எது?"

துண்டு. சவரக்கத்தி. அவைதான் தனியாக இருக்க வேண்டும், ஆள் இல்லை. எனக்குத் தெரியும், எழுதத்தான் விட்டுவிட்டேன். நம் பேச்சில் எழுவாயை விழுங்கிவிடுவது சகஜம். 'வந்தேன்' என்றால் போதும், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'இருக்கணும்' காட்டிக்கொடுக்காது. நானும் இருக்கணும், நீயும் இருக்கணும், துண்டும் இருக்கணும், எல்லாவற்றுக்கும் ஒரே 'இருக்கணும்'தான்.

அந்த "எது?"வைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் குளியலறையில் இதே வாக்கியத்தை ஒருவர் சொன்னார், ஒருவர் கேட்டார். எது என்று மட்டும் கேட்கவில்லை. சொன்னவர் என் சித்தப்பா. கேட்டவர் என் அப்பா. அன்றைக்கு விட்டுப்போன உறவு இன்றைக்கும் விட்டுப்போனதுதான். இரண்டு பேரும் உயிரோடு, இரண்டு பஸ் நிறுத்த தூரத்தில், ஒருவரை ஒருவர் 'வாங்க, போங்க' என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். அண்ணன் தம்பி 'வாங்க போங்க' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு அப்பா—

நிறுத்திவிட்டேன். அப்பா என்று எழுதினால் கை தானாக அவர் பக்கம் சாய்கிறது. பாவம் அப்பா என்று எழுதிவிடத் துடிக்கிறது. அதனால் கதைக்குள் அவரைப் பெரியவன் என்றும் சித்தப்பாவைச் சின்னவன் என்றும் வைத்துக்கொள்கிறேன். பெற்றவரை 'ன்' போட்டு எழுதுவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அப்போது பெரியவனுக்கு நாற்பத்தாறு வயது, இன்றைக்கு எனக்கு நாற்பத்தொன்று. ஏறக்குறைய சமவயதுக்காரர்கள், பொறுத்துக்கொள்வார்.

இரண்டாம் முயற்சி:

பெரும்பாலும் இதற்குக் காரணம் நம் தோலிலும் மூக்குக்குள்ளும் சாதுவாகக் குடியிருக்கிற ஒரு கிருமி. சவரத்தில் விழும் கீறல், இறுக்கமான துணி உரசும் இடம், எண்ணெய்ப் பிசுக்கு அடைத்த இடம், இப்படி ஒரு வாசல் கிடைத்தால் உள்ளே—

இதுவும் வேண்டாம். தகவல் சரி, ஆனால் குற்றவாளி தப்பு. இரண்டு வாரத்தில் ஆறிப்போகிற கிருமி அது. அதற்கு இருபத்திரண்டு வருடம் பகை வளர்க்கிற சாமர்த்தியம் கிடையாது. அது மனிதர்களுக்கு மட்டும் வருவது.

மூன்றாம் முயற்சியை வைத்துக்கொள்ளப் போகிறேன். அது அந்தச் சண்டைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது. கதைக்கு அவ்வளவு தேவையில்லை, எனக்குத் தேவை.

3

இரண்டு பேரும் ஒரே பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார்கள், பக்கத்துப் பக்கத்து மிஷினில். இரும்பு சூடேறாமல் இருக்க அதன்மேல் எண்ணெய் ஒழுகிக்கொண்டே இருக்கும். அது தெறித்துத் தெறித்துக் கால்சட்டைத் தொடையெல்லாம் ஊறிப் போய்விடும். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேர் மேலும் ஒரே வாடை. தூரத்திலேயே தெரிந்துவிடும், ஆனால் வருவது யார் என்று மட்டும் தெரியாது.

வீட்டில் ஒரு குளியலறை, அதில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு துண்டு. வாங்கும்போது வெள்ளையாக இருந்ததாம். நான் பார்த்து அது வெள்ளையாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசலில் ஸ்டூல் போடுவார்கள். ஜன்னல் கம்பியில் கண்ணாடி தொங்கும். பெரியவன் முதலில் தான் சவரம் செய்துகொள்வான். அதே பிளேடு, அதே நுரை, அப்புறம், "டேய், வா" என்பான். சின்னவன் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து கொடுப்பான்.

தகப்பன் போனபோது பெரியவனுக்கு இருபது, சின்னவனுக்குப் பதின்மூன்று. பதினேழில் தம்பிக்கு மீசை முளைத்ததும் சவரம் செய்துவிட வேறு ஆள் இல்லை, அண்ணன்தான் செய்துவிட்டான். அது பழகிப்போயிற்று. இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் நிற்கவில்லை. சித்தி வாசலில் நின்றுகொண்டு, "முகத்தையும் துடைச்சுவிட்டு, சோறும் ஊட்டிவிட்டு அனுப்புங்க மாமா" என்று கேலி செய்வாள்.

அதில் ஒரு தந்திரம் இருந்தது. கத்தி கழுத்தில் இருக்கும்போது தம்பி வாய் திறக்க முடியாது. ஆகவே அந்த வாரத்துத் திட்டு முழுவதையும் பெரியவன் அந்த நேரத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பான்.

"மேஸ்திரிகிட்ட எதுக்குடா எதுத்துப் பேசுனே? பேசாதே, அறுத்துடும். புதன்கிழமை எங்கடா போயிருந்தே? பேசாதேன்னா பேசாதே. உனக்குப் பொறுப்புன்னு ஏதாவது இருக்கா? தலைய ஆட்டாதேடா!"

திட்டி முடிக்கவும் சவரம் முடியவும் சரியாக இருக்கும். அப்புறம் படிகாரக் கல்லை நனைத்துத் தம்பி கன்னத்தில் தேய்த்து, துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, "போ" என்பான். அந்த 'போ'வில் அவ்வளவு பிரியம் இருக்கும்.

(இப்போது இந்த ஞாயிற்றுக்கிழமையை என் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரே பிளேடை இருவர் பயன்படுத்தக் கூடாது: பயன்படுத்தினார்கள். மழுங்கிய பிளேடு ஆகாது: "இன்னும் ரெண்டு வாரம் ஓடும்டா." முடி வளரும் போக்கிலேயே மழிக்க வேண்டும்: பெரியவன் ஒருமுறை போக்கிலும் மறுமுறை எதிர்ப்போக்கிலும் மழித்து, புறங்கையால் தடவிப் பார்த்துத்தான் விடுவான். துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்று விடாமல் அத்தனையும் தப்பு. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. இந்தத் தாளை எழுதுகிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான்.)

4

கட்டி முதலில் வந்தது சின்னவனுக்கு. கழுத்தில் ஏழெட்டு, தொடையில் அதற்கும் மேலே, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடி, முடியைச் சுற்றி மஞ்சளாக ஒரு புள்ளி.

வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: சூடு. உடம்புச் சூடு. எங்கள் வீட்டில் எது வந்தாலும் சூடுதான், தேர்வில் தோற்றால்கூட. பட்டறை எண்ணெய் ஊறிய கால்சட்டையை மூன்று நாள் மாற்றாமல் போட்டுக்கொண்டு போனதை யாரும் யோசிக்கவில்லை. பெரியவன் தம்பியின் கழுத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"பழுத்துருச்சுடா. பிதுக்கி எடுத்துடட்டுமா?"

"ஐயோ, விடுண்ணா!"

(பிதுக்கவே கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை வைத்து எடுத்தால் பெரும்பாலும் தானாகவே உடைந்து ஆறும். ஆறாவிட்டால், பரவினால், காய்ச்சல் வந்தால், திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டாவது மடிப்பு.)

அதே வருடம்தான் பெரியவனுக்குச் சுகர் என்று தெரிந்தது. அவன் அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டான். வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டான். யாராவது எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரு வெள்ளிக்கிழமை சின்னவன் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அந்த டாக்டரை எழுத மூன்று தடவை முயன்றேன். ஒருமுறை சிடுமூஞ்சியாக, ஒருமுறை மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட கிழவராக. எதுவும் ஒட்டவில்லை. அவரை அறைக்குள்ளேயே விட்டுக் கதவைச் சாத்துகிறேன். பெரியவனுக்கும் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது அல்லவா? நாமும் அவனோடு வெளியிலேயே நிற்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவன் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டான். தன் சவரத்தை முடித்தான். காதோரம் நுரையைக்கூடத் துடைக்காமல், "டேய், வா" என்றான்.

பதில் வரவில்லை. குளியலறையிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது.

போய்ப் பார்த்தான். சின்னவன் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தோளில் ஒரு புதுப் பச்சைத் துண்டு, ஜன்னல் மேட்டில் உறை பிரிக்காத புது ரேஸர்.

"என்னடா பண்றே?"

"ஆணி அடிக்கிறேன்."

"அது தெரியுது. எதுக்கு?"

சின்னவன் திரும்பாமலே சொன்னான். "டாக்டர் சொன்னாருண்ணா. தனியா இருக்கணுமாம்."

(சமையலறையிலிருந்து அம்மா, "ஆமா, தனியா தீந்து போச்சு, வாங்கணும்" என்று குரல் கொடுத்தாளாம். இதைச் சித்தி சொன்னாள். அம்மாவிடம் கேட்டால், "நான் அப்படிச் சொல்லவே இல்ல, உன் சித்தி இட்டுக்கட்டுறா" என்கிறாள். மல்லி விதைக்கும் பிரிவினைக்கும் ஒரே சொல்லாக இருப்பதற்கு நான் பொறுப்பல்ல. அன்றைக்கு அங்கே நான் இல்லை, வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன்.)

பெரியவன் அந்தப் பச்சைத் துண்டையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்கு முந்தின வாரம்தான் சித்தி, "ரெண்டு ரூம்ல நாலு பேரு, மூச்சு முட்டுதுக்கா" என்று அம்மாவிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. அவள் ஏதோ அலுப்பில் சொன்னாள். அவனுக்கு அது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது எல்லாம் சேர்ந்துவிட்டது. தம்பிக்கு என் துண்டு அருவருத்துப் போச்சு. என் கை அருவருத்துப் போச்சு. தனியாக இருக்கணுமாம். அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேறு. இப்படித்தான் நினைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"இருந்துக்கோ."

காதோரத்து நுரையோடு திரும்பிப் போனான். ஸ்டூலை மடக்கி உள்ளே வைத்தான்.

5

இனி வருவதைக் கதையில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒருமுறை அடித்துவிட்டேன். ஆனால் நடந்தது அதுதான். அதனால் திரும்ப எழுதுகிறேன்.

தம்பி தனியாகப் போக ஆசைப்படுகிறான், வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவிக்கிறான் என்று பெரியவன் முடிவு கட்டிவிட்டான். கேட்கவைத்து அவனைச் சங்கடப்படுத்தக் கூடாது. ஆகவே அவனே வீடு தேடினான். பட்டறை விட்டதும் மூன்று வாரம் தெருத்தெருவாக அலைந்தான். சித்திக்கு முழங்கால் வலி, மாடி ஆகாது. தண்ணீர் நன்றாக வர வேண்டும். பின்வாசலில் ஸ்டூல் போடுகிற அளவுக்கு வெளிச்சமான இடம் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் அத்தனையும் இருந்தன. குளியலறைக்குள்ளும் போய்ப் பார்த்தான். சுவரில் ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது. அதையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

சாவியைக் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தான்.

"வீடு பாத்தாச்சு. தண்ணி நல்லா வருது."

வேணாண்ணா என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தான். காத்திருந்தான் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாவியை மேஜையில் வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றதை அம்மா பார்த்திருக்கிறாள். சின்னவன் அந்தச் சாவியையும் அண்ணன் விரல்களையும் பார்த்தான்.

"சரிங்கண்ணா" என்றான்.

அதுவரைக்கும் அவன் வாயில் 'ங்க' வந்ததில்லை. அன்றைக்கு வந்தது, வந்தது போகவில்லை.

பச்சைத் துண்டு போய்விட்டது, ஆணி போகவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறையில் இன்றைக்கும் அது இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அப்பா வந்து நின்று, "அந்த ஆணியப் புடுங்காதீங்க" என்பார். அதில் யாரும் எதையும் மாட்டியதில்லை.

(சின்னவனுக்குப் பதினேழு வயதிலிருந்து முப்பத்தொன்பது வரை: இருபத்திரண்டு வருடச் சவரம். அப்புறம் இருபத்திரண்டு வருட மௌனம். கதைக்காக நான் அமைத்த கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நானே நம்பாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.)

6

பெரிய சிஸ்டரின் சிவப்பு "எது?"வை முன்னால் வைத்துக்கொண்டு சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, ஒரு விஷயம் கேக்கணும். அன்னைக்குக் கட்டிக்கு ஆஸ்பத்திரி போனீங்கல்ல, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அது எதுக்கும்மா இப்போ?"

"பேப்பர் ஒண்ணு எழுதுறேன். சும்மா சொல்லுங்க."

அவர் சிரித்தார். "வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொன்னாரு. எண்ணெய்த் துணிய அன்னன்னைக்கு மாத்தணும், வெந்நில துவைச்சு வெயில்ல போடணும்னாரு. ரெண்டு வாரம் சவரம் வேணாம்னாரு. அப்புறம் துண்டும் பிளேடும் தனியா இருக்கணும்னாரு. வீட்ல யாருக்காச்சும் சுகர் இருக்கான்னு கேட்டாரு. அண்ணனுக்கு இருக்குன்னேன். அப்போ கண்டிப்பா தனியா வைங்க, அவருக்கு ஒட்டிக்கிட்டா லேசுல ஆறாதுன்னாரு. நான் பயந்துட்டேம்மா. வர்ற வழியிலயே துண்டு வாங்கிட்டேன்."

"இத அப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"சுகர்னு வாயெடுத்தா உங்கப்பா எந்திரிச்சுப் போயிடுவாரே. சுருக்கமாத்தான் சொன்னேன். தனியா இருக்கணுமாம்னு."

"எது தனியா, சித்தப்பா?"

"துண்டுதான். வேற என்னத்த—"

அவர் நிறுத்திவிட்டார்.

"அவரு என்னன்னு எடுத்துக்கிட்டாரு?" என்றார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது.

"என் சீழப் பாத்து அருவருத்துட்டாருன்னுல்ல நான் நெனச்சேன். வீடு வரைக்கும் பாத்துச் சாவியக் கொண்டாந்து வச்சாரே. போடான்னு சொல்ல மனசு வராமத்தான் அப்படிச் செய்றாருன்னு..." அவர் குரல் உடைந்தது. "ரெண்டு வாரம்தான் சவரம் வேணாம்னாரு டாக்டர். அப்புறம் யாரு செஞ்சுவிடுறதுன்னு அப்படியே விட்டுட்டேம்மா."

சித்தப்பாவின் தாடி எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். பக்தி என்றார்கள், சோம்பேறித்தனம் என்றார்கள், ஸ்டைல் என்றார்கள். அது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். "அவர்கிட்டச் சொல்லிடாதம்மா. இந்த வயசுல தாங்கமாட்டாரு."

7

ஆகவே என் கையில் இரண்டு வேலை: தாளை முடிப்பது, கதையை முடிப்பது. சொன்னால் அப்பா உடைந்துபோவார். சொல்லாவிட்டால், தம்பி தன்னை அருவருத்தான் என்ற நினைப்போடேயே போய்ச் சேருவார்.

முடிவு அ: அப்பாவுக்குப் பின்கழுத்தில் பெரிய கட்டி வருகிறது. சித்தப்பா ஓடி வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். கண்ணீர்— வேண்டாம். கதை முடிய வேண்டும் என்பதற்காக அப்பாவுக்குக் கட்டி வரவைக்க எனக்கு மனசில்லை. அதுவும் சுகர்காரருக்குப் பின்கழுத்துக் கட்டி விளையாட்டல்ல. அவர் உடனே பார்க்க வேண்டியது டாக்டரை, கதை எழுதுகிறவளை அல்ல.

முடிவு ஆ: அப்பா போன் போட்டு, "துண்டுதானேடா தனியா இருக்கணும், நீ எதுக்குடா போனே?" என்கிறார். எழுதும்போது கண் கலங்கியது. படித்துப் பார்த்தால் நாடகம். அப்பா இவ்வளவு நேர்த்தியாகப் பேசுகிறவர் இல்லை.

முடிவு இ: நான் சொல்லவில்லை. தாள் அச்சாகி ஆஸ்பத்திரியில் அடுக்கிக் கிடக்கிறது. இந்த முடிவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, பழியும் இல்லை. அதனால்தான் இது ரொம்பப் பிடித்திருந்தது. இதைத்தான் எழுதி முடித்தும் வைத்திருந்தேன்.

ஆனால் தாளில் அந்த வாக்கியத்தைத் திருத்தும்போது கை கொஞ்சம் மீறிவிட்டது. "துண்டும் சவரக்கத்தியும் ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்க வேண்டும். ஆட்கள் சேர்ந்தே இருக்கலாம்." டாக்டரம்மா கடைசி வரியைத் தட்டிக் காட்டி, "இது எதுக்கு? யாராவது இப்படித் தப்பா எடுத்துப்பாங்களா?" என்றார். பெரிய சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டும் டாக்டர்" என்றார்.

8

முடிவு இ-யை அப்பா கெடுத்துவிட்டார்.

வீட்டில் அச்சு எழுத்து எங்கே கிடந்தாலும் எடுத்துப் படித்துவிடுவது அவர் வழக்கம், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டைக்கூட விடமாட்டார். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளை மேஜையில் வைத்துவிட்டு நான் உள்ளே போயிருந்தேன். (மறந்து வைத்தேனா, வேண்டுமென்றே வைத்தேனா என்று கேட்காதீர்கள். கதாசிரியருக்கே தெரியாதவை சில உண்டு.) திரும்பி வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, மூன்றாவது மடிப்பில் இருந்தார். விரல் அந்த வரியின் கடைசிக்குப் போயிற்று. மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. மறுபடி போயிற்று.

"ஏம்மா."

"என்னப்பா?"

"அன்னைக்கு அவன் சொன்னது இதத்தானா?"

இருபத்திரண்டு வருடமாக 'அவரு'. இப்போது 'அவன்'. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாப்பா."

"துண்டா?"

"துண்டுதான். உங்களுக்குச் சுகர் இருக்கு, ஒட்டிக்கக் கூடாதுன்னு டாக்டர் பயமுறுத்தியிருக்காரு. சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு..."

அவர் எழுந்து போனார். பழைய பழக்கம் என்று நினைத்தேன். ஆனால் போனது குளியலறைக்கு. பின்னாலேயே போனேன். அந்த ஆணியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை.

"நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார்.

கொஞ்ச நேரம் சுவர்ப்பக்கமே திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. நான் கிட்டே போகவில்லை, போயிருக்க வேண்டும். பிறகு முகத்தைக் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நம்பர் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். நான்காவது மணியில் சித்தப்பா எடுத்தார்.

"சொல்லுங்கண்ணா." மரியாதையான, பழகிய, தூரத்துக் குரல்.

"டேய்" என்றார் அப்பா.

என் கையில் ஒவ்வொரு முடியும் எழுந்து நின்றது. ஒவ்வொன்றும் தன் தன் காலில்.

அப்பா தொண்டையைச் செருமினார். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது, எதுவும் வரவில்லை. கடைசியில் சொன்னது இரண்டே வார்த்தை.

"ஞாயித்துக்கிழமை வரணும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனைக்கும் பிறகு, இந்த மனுஷன் மறுபடியும் எழுவாயை விழுங்கிவிட்டார். வரணும் என்றால் யார்? வா என்கிறாரா, வருகிறேன் என்கிறாரா? இன்னொரு இருபத்திரண்டு வருடத்துக்கு இவர்களுக்கு ஆயுள் இல்லையே!

சித்தப்பா, அன்றைக்கு யாரும் கேட்காமல் விட்டதைக் கேட்டார்.

"யாருண்ணா? நீயா, நானா?"

9

அப்பா பதில் சொன்னார், நானும் கேட்டேன். இங்கே எழுத மாட்டேன். எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவை, இரண்டு விதமாக. இரண்டையும் அடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. பதிலை நான் அச்சில் ஏற்றினால் நீங்கள் கேள்வியை மறந்துவிடுவீர்கள். ஆகவே இடம் விட்டு வைக்கிறேன், எழுவாயை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்:

ஞாயிற்றுக்கிழமை ____________ வரணும்.

யார் யார் வீட்டுக்குப் போவதாக எழுதினாலும் சரி, ஸ்டூல் போட இரண்டு பின்வாசலிலும் இடம் உண்டு. பிளேடு மட்டும் புதிதாக இருக்கட்டும். போகிறவர் தன் துண்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகட்டும், ஆணி இரண்டு வீட்டிலும் இருக்கிறது.